குழந்தைகள் வார்டில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

எம்.எஸ்ஸி நர்சிங்கில் குழந்தைகள் நலப் பிரிவை எடுத்தவர்களோ, சமூகப்பணி படிக்கிறவர்களோ, ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த நாட்கள் எப்படி இருக்கின்றன என்ற கேள்வியை டிசர்டேஷனுக்கு (படிப்பு முடிக்க எழுதும் ஆய்வேட்டுக்கு) எடுக்க நினைத்தால், தயவுசெய்து முதலில் இதைப் படித்துவிடுங்கள். வட சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இந்தக் கேள்வியோடு நான் தனியாக அலைந்தேன். கையை விட்டுப் போன பணம் ஏறத்தாழ 40,000 ரூபாய். அதைவிட வலித்தது ஒரு தேர்வுத் தவணை தள்ளிப்போனது. கூடப் படித்தவர்கள் முடித்துவிட்டு டியூட்டர் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். நான் இரவில் ஒரு நர்சிங் ஹோமில் டியூட்டி பார்த்து ஃபீஸ் கட்டிக்கொண்டு, காலையில் தண்டையார்பேட்டையில் பஸ் ஏறி வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆய்வு முறைகள் பற்றிய பாடப்புத்தகம் என்னிடம் இருந்தது. அதில் எழுதியிருப்பது எதுவும் தப்பில்லை. ஆனால் கையில் ஊசி ஏறிய, காய்ச்சலில் கிடக்கிற ஏழு வயதுப் பிள்ளையிடம் போய் உட்காரும்போது என்ன ஆகும் என்று அதில் இல்லை. கீழே வரும் பிள்ளைகளின் பேச்சில் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் சண்டை தலைப்பிலேயே வந்தது. நம் கல்லூரிகளில் டிசர்டேஷன் என்றால் ஒரு பழகிய அச்சு இருக்கிறது. ஒரு தலையீடு, அதற்கு முன் ஒரு மதிப்பெண், பின் ஒரு மதிப்பெண், அறுபது சாம்பிள், கடைசியில் ஒரு புள்ளிவிவர அட்டவணை. நான் குழந்தைகளிடம் பேசப் போகிறேன், அவர்கள் வரைவதைப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் கைடு கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சாம்பிள்?" என்பதுதான். புதிதாக எதுவும் சொல்லாத நிலை வரும்வரை குழந்தைகளைச் சேர்ப்போம், அதுதான் இந்த வகை ஆய்வின் கணக்கு என்று சொன்னேன். ஏற்கவில்லை. ஒரு அளவுகோலும் சேர்த்தால்தான் கையெழுத்து என்றார்கள். அதற்காகப் புள்ளிவிவரம் போடுகிறவருக்கு 5,000 ரூபாய் கட்டினேன். கருவியைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க நிபுணர்களைத் தேடி ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினேன். கடைசியில் அந்த அளவுகோல் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தலைப்பு கொடுக்கும் முன்னரே, இந்த வகை ஆய்வை வழிநடத்திய ஒருவர் உங்கள் கல்லூரியில் இருக்கிறாரா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் வெளியே ஒருவரை இணை வழிகாட்டியாகக் கேளுங்கள். இது நடக்கவில்லை என்றால் நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒவ்வொரு படியிலும் வாதாட வேண்டியிருக்கும்.

அந்த அளவுகோல் என்ன ஆனது என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். வாங்-பேக்கர் முகங்கள் என்று நர்ஸ்கள் எல்லோருக்கும் தெரியும். 1983இல் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர் உருவாக்கியது. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை ஆறு முகங்கள். மூன்று வயதுப் பிள்ளைகூட விரலால் தொட்டுக் காட்டிவிடும். வலி எவ்வளவு என்று கேட்க அது நல்ல கருவிதான். ஆனால் ஒரு பையன் ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை, கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, சிரிக்கும் முகத்தைத் தொட்டான். ஏன்டா கண்ணு என்றேன். "அழுற மூஞ்ச காமிச்சா இன்னொரு ஊசி போடுவாங்க" என்றான். அன்று எனக்குக் கை ஓடவில்லை. குழந்தை நம் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கேள்விக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறது. 2001இல் திருத்தி வெளியான இன்னொரு முக அளவுகோலில் (Faces Pain Scale – Revised) சிரிப்பும் கண்ணீரும் இல்லாமல் வரைந்திருப்பதற்குக் காரணமே, வலியையும் சந்தோஷத்தையும் பிள்ளைகள் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான். அளவுகோல் வேண்டுமென்றால் அதை எடுங்கள். ஆனால் எந்த முகமும் அந்தப் பிள்ளையின் ஒரு நாளைச் சொல்லாது.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி, ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தரும் குழு. இங்கேதான் என் மாதங்கள் கரைந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் குழந்தைகள் ஆய்வுக்கென்றே தனி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் விண்ணப்பம் எழுதாதீர்கள். இந்த மாதிரி ஆய்வுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆபத்து மிகக் குறைவான ஆய்வு என்றால் ஒரு பெற்றோர் கையெழுத்து போதும். அதோடு, 7 வயதிலிருந்து 12 வயதுக்குள் என்றால் பெற்றோர் முன்னிலையில் பிள்ளையின் வாய்மொழி ஒப்புதல், 12 முதல் 18 வரை எழுத்திலேயே ஒப்புதல். 7 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதமே போதும் என்கிறது நெறிமுறை. நான் ஐந்து வயதுப் பிள்ளையிடமும் கேட்டேன், கேட்காமல் உட்கார மனம் வரவில்லை. கமிட்டி என் விண்ணப்பத்தைத் திருப்பியதற்குக் காரணம் குழந்தைகளுக்கான தகவல் தாள். கல்லூரியில் புழங்கும் மாதிரித் தாள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதை மாற்றி, தமிழாக்கத்தை இன்னொருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்தில் திருப்பிச் சரிபார்த்து, அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்து... வெளிக் கல்லூரி மாணவி என்பதால் 3,000 ரூபாய் கட்டணம் வேறு.

அந்தத் தாளை நான் கடைசியில் இப்படி எழுதினேன்: "நான் ஒரு நர்ஸ். இப்ப ஊசி போட வரல. ஆஸ்பத்திரில இருக்கறது எப்படி இருக்குன்னு உங்கிட்ட தெரிஞ்சுக்க வந்திருக்கேன். இஷ்டம் இருந்தா பேசு. வேணாம்னு சொன்னா யாரும் திட்ட மாட்டாங்க. உன் மருந்து, சாப்பாடு, வீட்டுக்குப் போற நாள், எதுவும் மாறாது. பாதியில நிறுத்தணும்னா கைய மட்டும் தூக்கு, போதும்." கமிட்டி ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. கையைத் தூக்கும் அந்த ஏற்பாடு மிக முக்கியம். பெரியவர் ஒருவரிடம் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. கை தூக்கவும் தயங்குகிற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தூக்கம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொள்ளும், அம்மாவின் முந்தானைக்குள் போகும். அதுவும் மறுப்புத்தான். எழுந்து வந்துவிடுங்கள். ஒலிப்பதிவுக்கும் படங்களை நகலெடுக்கவும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள்.

சம்மதத்தில் வட சென்னைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பகலில் வார்டில் பிள்ளையோடு இருப்பது பெரும்பாலும் ஆயாதான், அதாவது பாட்டி. அம்மா வீட்டு வேலைக்கோ, மார்க்கெட்டுக்கோ, ஏற்றுமதிக் கம்பெனிக்கோ போயிருப்பார். ஆயா மனசார சம்மதிப்பார், கைநாட்டும் வைப்பார். ஆனால் சட்டப்படி பாதுகாவலர் அவர் இல்லை. அம்மா வரும் மாலை வரை காத்திருந்து கையெழுத்து வாங்கினால், அப்போது பார்வையாளர் கூட்டம். பிள்ளை பேசாது. ஆகவே ஒரு நாள் மாலை கையெழுத்து, மறுநாள் பகல் பேச்சு என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் சில பிள்ளைகள் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுவார்கள். அதைக் கணக்கில் வைத்து உங்கள் கால அட்டவணையைப் போடுங்கள். மொழியும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திராவிலிருந்து தெலுங்குக் குடும்பங்கள் வருகின்றன. மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்த இந்தி பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. தமிழ் பேசும் பிள்ளைகள் மட்டும் என்று என் விண்ணப்பத்தில் எழுத வேண்டியதாயிற்று. வார்டிலேயே அதிகம் வாய் மூடிக் கிடந்தவர்கள் விடுபட்டவர்கள்தான். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல். மொழிபெயர்ப்பாளருக்கு உங்களுக்கு வசதி இருந்தால் தயவுசெய்து அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கமிட்டிக் கடிதம் கையில் வந்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். துறைத் தலைவர் அனுமதி ஒன்று, இன்சார்ஜ் சிஸ்டரின் மனம் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது. குறை கண்டுபிடிக்க வந்தவள் என்று முதலில் நினைத்தார்கள். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருத்தி ஓரமாக உட்கார்ந்து பிள்ளையோடு படம் வரைந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். சில வாரம் நான் ஒன்றும் கேட்காமல் போய், படுக்கை விரித்து, உப்புக் கரைசல் கலக்கி, அவர்களோடு டீ குடித்தேன். அப்புறம்தான் எந்தப் பிள்ளை பேசும், எந்தப் பிள்ளை இன்று சரியில்லை என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த நாட்களை ஆய்வுத் திட்டத்தில் எழுதுங்கள், இது வீண் இல்லை.

வார்டில் நான் சந்தித்த முதல் சுவர் என் யூனிஃபார்ம். வெள்ளை கோட்டைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற பிள்ளையிடம் என்ன கேட்பது? கலர் சுடிதாருக்கு மாற அனுமதி வாங்கினேன். அடுத்தது, பகலில் கூட இருக்க முடிந்த அம்மாக்கள். பிள்ளையைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். "நல்லா பாத்துக்கறாங்கன்னு சொல்லு கண்ணு." அவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஏதாவது சொல்லிவைத்தால் நாளைக்குக் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் இல்லாத ஏழைத் தாயை நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மாவை வெளியே அனுப்புவதும் சரியில்லை, பிள்ளை பயந்துவிடும். அம்மாவிடம் தனியாக ஒரு நேரம் முதலில் பேசி, அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிக்க விட்டேன். பிறகு பிள்ளையோடு இருக்கும்போது அவர் கண் எட்டும் தூரத்தில், காது எட்டாத தூரத்தில் உட்கார்ந்தார். இது நன்றாக வேலை செய்தது. நேரமும் முக்கியம். காலையில் ரவுண்ட்ஸ், அதன் பின் ஊசி மருந்து, மதியம் தூக்கம், மாலையில் உறவினர். எனக்குக் கிடைத்தது தூக்கம் கலைந்து பார்வையாளர் வரும் வரைக்குமான சின்ன இடைவெளி மட்டும். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் நெபுலைசர் ஓடும், பதிவில் அந்தச் சத்தம்தான் கேட்கும். சின்ன மைக் ஒன்றை வாங்கிப் பிள்ளையின் தலையணை ஓரம் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளை வரையச் சொல்லி, அதைப் பற்றி எழுதவோ சொல்லவோ வைக்கும் முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் நோரீன் வெட்டன் என்பவர் பள்ளிகளில் உடல்நலக் கல்விக்காக வளர்த்தெடுத்தது. நான் பெரிதும் நம்பியது அதைத்தான். ஆண்டர்சன் தெருவில் போய் காகிதமும் கிரேயான்ஸும் மொத்தமாக வாங்கி வந்தேன். முதல் நாளே இரண்டு தடை. ஒன்று, ஒரு பிள்ளை தொட்ட கிரேயானை இன்னொரு பிள்ளைக்குத் தரக் கூடாது என்று சிஸ்டர் நிறுத்திவிட்டார். நியாயம்தான், வார்டில் தொற்று பரவும். ஆளுக்கு ஒரு புது டப்பா, அது அந்தப் பிள்ளைக்கே சொந்தம் என்று முடிவானது. ஆனால் பரிசு கொடுத்துப் பேச வைக்கிறாள் என்று கமிட்டி நினைக்கக் கூடாதே. அதனால் ஆய்வில் சேராத பிள்ளைகளுக்கும் வார்டு முழுக்கக் கொடுத்தேன். செலவு இரண்டு மடங்கானது. இரண்டாவது தடை, யாரும் எழுதி நான் படித்ததில்லை. பாதிப் பிள்ளைகளுக்கு வலது கையில்தான் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) குத்தி, அட்டை வைத்துக் கட்டியிருந்தது. அவர்கள் எப்படி வரைவார்கள்? அவர்களுக்கு ஒட்டும் படங்கள் கொடுத்து, இடது கையால் ஒட்டச் சொன்னேன். இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

படத்தை நீங்கள் விளக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரு பெண் பிள்ளை தாள் நிறைய மஞ்சள் கோடாகப் போட்டாள். சூரியன், வெளியே போக ஆசை என்று எழுதிவிடத் தோன்றும். கேட்டால், "ட்யூப்லைட்டு. நைட்டெல்லாம் எரிஞ்சுகினே கீது, தூக்கமே வர்ல" என்றாள். காசிமேட்டுப் பையன் ஒருவன் படகு வரைந்தான். வீட்டு ஏக்கம் என்றுதான் எந்தப் பெரியவரும் சொல்வார். அவன் சொன்னது வேறு. "எங்க நைனா கடலுக்குப் போய்க்கீது. கரைக்கு வந்தாத்தான் நான் இங்க கீறதே தெரியும்." விசைப்படகில் போனால் பல நாள் கடலிலேயே தங்குவார்கள். தனக்கு உடம்பு சரியில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது என்ற அந்த எண்ணம்தான் அவனை அறுத்துக்கொண்டிருந்தது. இதிலிருந்து இன்னொன்றும் புரிந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், வார்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் அந்த மாதங்களில் மட்டும் தகவல் சேகரித்திருந்தால், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பா இல்லாத ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்பது என் ஆய்விலேயே வந்திருக்காது. தவணை தள்ளிப்போனதில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது. உங்கள் ஊரில் எந்த மாதம் யார் வீட்டில் இருப்பார்கள் என்று பார்த்துத் தேதியை வையுங்கள்.

பேச்சு வராத சின்னக் குழந்தைகளுக்கு என்ன செய்வது? இங்கே எனக்கு உதவியது ஒரு பழைய வேலை. லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் வெளியிட்ட படம். இரண்டரை வயதை எட்டாத ஒரு பெண் குழந்தை சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அம்மா கூடத் தங்கவில்லை. ராபர்ட்சன் தினமும் குறித்த நேரத்தில் கேமராவை ஓட்டினார், அதற்குச் சாட்சியாகச் சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரிகிறது. அழுத நேரமாகப் பார்த்து எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அமைதியாக இருக்கும் குழந்தை சமாதானமான குழந்தை என்று டாக்டர்கள் நம்பிக்கொண்டிருந்ததை அவருடைய வேலை உடைத்தது. 1959இல் அங்கே, ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் கமிட்டி, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொன்னபோது அதன் பின்னால் இந்த மாதிரி ஆதாரங்கள் இருந்தன. எனக்குக் கேமரா அனுமதி இல்லை. நோட்டும் கடிகாரமும் போதும் என்று அதே வழியை எடுத்தேன். தினமும் ஒரே நேரங்களில், ஒரே இடத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன். நம் வார்டுகளில் அம்மாவோ ஆயாவோ கூடவே இருக்கிறார், அதனால் பிரிவு இல்லை என்று நினைக்கிறோம். நோட்டு வேறு சொன்னது. ஒரு பிள்ளையோடு ஒரு ஆள் மட்டும் என்பது விதி, அந்த ஒருவர்தான் ரத்த மாதிரி கொடுக்க லேபுக்கு, எக்ஸ்ரே சீட்டுக்கு, மருந்து வரிசைக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறார். அந்த நேரங்களில் குழந்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கும். அழாது. அழாத அந்தப் பிள்ளையைத்தான் நாங்கள் எல்லோரும் நல்ல பிள்ளை என்று சொல்வோம்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001 வாக்கில் அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் முன்வைத்த மொசைக் அணுகுமுறையில் பிள்ளையே நம்மைச் சுற்றிக் காட்டும், புகைப்படம் எடுக்கும். வார்டில் புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம், மற்றப் பிள்ளைகளின் முகம் விழும். படமில்லாமல் சுற்றிக் காட்டச் சொல்லலாம். டிரிப்ஸ் கழற்றிய பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடிக்காத இடம் எது என்றதும் பெரும்பாலானோர் ஊசி போடும் அறைக் கதவைத்தான் காட்டினார்கள். தங்களுக்குப் போட்டதை விட, அந்தக் கதவுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதுதான் அவர்களுக்குக் கொடுமை.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கொடுத்தது ஒரு விரல் பொம்மை. துவைத்துக் காயவைக்கக் கூடிய துணி முயல், ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துவைத்தேன், அதனால் நாலைந்து வைத்திருந்தேன். "இந்த முயல் நாளைக்கு இங்க சேரப் போகுது. நீ அதுக்கு என்ன சொல்லிக் குடுப்ப?" இவ்வளவுதான் கேள்வி. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது "நல்லா கீது" என்ற பிள்ளைகள், முயலிடம் மடை திறந்தார்கள். பாத்ரூமுக்குச் செருப்பு போட்டுக்கொண்டு போ. ராத்திரி தண்ணீர் கேட்டால் திட்டுவார்கள், பக்கத்தில் வைத்துக்கொள். டாக்டர் அம்மாவிடம்தான் பேசுவார், உன்னிடம் பேச மாட்டார், பயப்படாதே. ஒரு எட்டு வயதுப் பெண், முயலின் காதில் சொன்னாள், "வலிக்காதுன்னு சொல்வாங்க. நம்பாத." பல வருஷம் நானும் பிள்ளைகளிடம் அதே வார்த்தையைச் சொல்லி ஊசி போட்டவள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன்.

பிள்ளை நம்பிக்கை வைத்துவிட்டால் ஆஸ்பத்திரி பற்றி மட்டும் பேசாது. வீட்டில் அடி விழுவதைச் சொல்லும். சில சமயம் அதைவிட மோசமானதும் வரலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மறைப்பதே குற்றம். "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி பண்ற பெரியவங்ககிட்ட சொல்வேன்" என்பதைப் பேச்சு தொடங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். வார்டில் யாரிடம் போவது, குழந்தைகள் உதவி எண் 1098இல் எப்போது அழைப்பது என்பதை கைடோடு பேசி எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். என்னிடம் ஒரு பையன் வீட்டில் நடப்பதைச் சொன்னபோது, ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணியாளர் யார் என்றே எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தாழ்வாரம் தாழ்வாரமாக விசாரித்து அந்தப் பணியாளரைக் கண்டுபிடிக்கும் வரை என் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

உங்களையும் கவனித்துக்கொள்ள வேண்டும். நேற்று முயலோடு பேசிய பிள்ளையின் கட்டில் இன்று காலி. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள் என்பார்கள், அதற்கு மேல் தெரியாது. போன் நம்பர் சம்மதப் படிவத்தில் இருக்கும், ஆனால் ஆய்வுக்காகக் கொடுத்த நம்பர் அது, என் ஆறுதலுக்காக அழைக்க எனக்கு உரிமை இல்லை. இதை எல்லாம் வாரம் ஒருமுறையாவது யாரிடமாவது கொட்டியாக வேண்டும். என்னிடம் அப்படி யாரும் இல்லை. வீட்டில் சொன்னால், எதற்கு இந்தத் தலைப்பை எடுத்தாய் என்பார்கள். இதே வேலையில் இருக்கும் இன்னொருவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள், வேறு கல்லூரியானாலும் பரவாயில்லை.

பதிவுகளை எழுத்தாக்குவதில் 7,000 ரூபாய்க்கு மேல் போனது. டைப்பிங் சென்டர் ஒன்றில் கொடுத்தேன், பெயர்களை எல்லாம் வெட்டிவிட்டுத்தான். வந்ததைப் படித்தால் பிள்ளைகள் எல்லோரும் பாடநூல் மாதிரி பேசியிருந்தார்கள். இலக்கணம் திருத்தி, தயக்கங்களை எடுத்துவிட்டு, இடையில் இருமியதை, மௌனமாக இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு அழகாக அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்றும் பயன்படவில்லை. மறுபடி நானே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு முழு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரைச்சலான வார்டு என்றால் அதற்கும் மேல். வெளியே கொடுப்பது செலவு மட்டுமல்ல, அது இரகசியக் காப்புக்கும் ஆபத்து, கமிட்டிக்கும் சொல்லியாக வேண்டும். அலசுவதைத் தமிழிலேயே செய்யுங்கள். வர்ஜினியா பிரௌன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006இல் விளக்கிய ஆறு கட்டக் கருப்பொருள் அலசல் (thematic analysis) எனக்குப் போதுமாக இருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் வரிகளை மட்டும், அதுவும் தமிழ் மூலத்தோடு.

வரைந்த படங்கள் யாருடையவை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் நகலெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றைக்கே பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். ஆய்வு முடிந்ததும் பிள்ளைகள் சொன்னவற்றை, யார் சொன்னது என்று தெரியாதபடி, வார்டு சிஸ்டர்களுக்கு அவர்களுடைய மதிய இடைவேளையில் படித்துக் காட்டினேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வை விட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. முயலின் காதில் சொன்னதைப் படித்தபோது யாரும் கோபப்படவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் நடு வரிசை விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்கள். ஊசி அறைக் கதவைச் சாத்தி வைக்கிறார்கள். "கொஞ்சம் வலிக்கும், அப்புறம் போய்டும்" என்று சொல்லிப் பார்ப்பதாக இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு ஆள் மட்டும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது, அது வார்டின் கையில் இல்லை. அதற்கு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.